மச்சான் திட்டிய கோட்டை

நான் ஒரு கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

சும்மா சாய்ந்து நிற்கவில்லை. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரியைக்கூட நான் அப்படிக் கட்டிப்பிடித்ததில்லை. கன்னம் கல்லில் ஒட்டியிருக்கிறது. கண்ணை மூடியாகிவிட்டது. சட்டைப் பையில் இருக்கும் போன் கல்லுக்கும் விலா எலும்புக்கும் நடுவில் குத்துகிறது. அதை நகர்த்த ஒரு கையை விடவேண்டும். விடமாட்டேன். கல்லில் நனைந்த பாசியின் வாடை. ஓர் எறும்பு என் காதோரம் ஏறி, உள்ளே போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது.

"மாமா, ஒரு படம் எடுக்கவா?" என்கிறாள் வாணி. என் அக்கா மகள்.

"எடும்மா. மரண அறிவித்தலுக்குப் போட நல்ல படம் ஒன்னும் வீட்டுல இல்ல."

அவள் சிரிக்கிறாள். நான் சிரிக்கவில்லை. உண்மையாகவே செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். கண்டி ராஜாக்கள் எதிரிகளுக்காகக் கட்டிவைத்த பலனைக் கோட்டையில், எந்த எதிரியும் இல்லாமல், தானாகவே பயந்து செத்த முதல் ஆள் நானாக இருந்திருப்பேன்.

நாலு சக்கரத்து வீரன்

என்னைத் தெரியாமல் இந்தத் தொடருக்குள் இந்த வாரம்தான் காலெடுத்து வைத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் அட்டன் டவுனில் வேன் ஓட்டுகிறவன். காலையிலும் மத்தியானமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மற்ற நேரங்களில் கிடைக்கிற ஹயர், அதாவது வாடகை ஓட்டம். கினிகத்தேனை வளைவுகளில் மழையும் பனியும் சேர்ந்து அடிக்கும்போதுகூட ஒரு கையில் வடையைப் பிடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். (பிள்ளைகளின் பெற்றோர் மன்னிக்க. அது பிள்ளைகள் இல்லாத நேரம்.)

ஆனால் வேனிலிருந்து இறங்கிவிட்டால் நான் வேறு ஆள். என் புட்டத்துக்கு அடியில் ஒரு சீட்டும் முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு வட்டமும் இருக்கும்வரை எந்தப் பள்ளமும் எனக்குப் பள்ளமில்லை. இரண்டு காலில் நின்றால் ஒரு வாய்க்கால் வரப்பும் மலை உச்சிதான்.

தோட்டத்தில் பிறந்தவனுக்கு உயரப் பயமா என்று கேட்பீர்கள். ஏன், கடற்கரையில் பிறந்து நீச்சல் தெரியாதவர்கள் இல்லையா? பள்ளிக்கூடம் முடித்த கையோடு கவ்வாத்து வெட்ட என்னை மலைக்கு அனுப்பினார் அப்பா. தேயிலைச் செடிகளின் கிளைகளை வெட்டும் வேலை. முதல் நாளே சரிவில் ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், மற்றவர்கள் வேலை முடித்து வரும்வரை எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு நான் வெட்டாமல் விட்டது அந்த ஒரு செடியை மட்டும்தான் என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார். அது பொய். நான் எந்தச் செடியையும் வெட்டவில்லை.

அப்படித்தான் நான் வேன்காரன் ஆனேன்.

மஞ்சள் தண்ணீர்

கோட்டைக்குப் போன கதையைச் சொல்வதற்கு முன் என் மச்சானைப் பற்றிச் சொல்லவேண்டும். அக்கா புருஷன். பெயர் முத்தையா. திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கொழுந்தெடுக்கும் பெண்களுக்குப் பின்னாலேயே நடந்து, வேலையைப் பார்த்து, தேவைப்பட்டால் சத்தம் போடுவது கங்காணியின் வேலை. மச்சானுக்கு எப்போதும் தேவைப்பட்டது.

இந்த மனிதர் என்னோடு பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அவரோடு பேசவில்லை.

காரணம் வாணியின் சடங்கு. அவள் பெரியவளானபோது எங்கள் வழக்கப்படி தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். சேலை, பூ, பழம், வளையல் எல்லாம் தட்டில் வைத்து. அதற்குப் பிறகுதான் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுவது. முதல் குடம் மாமனுடையது. வாணிக்கு இருக்கும் ஒரே தாய்மாமன் நான்.

அன்றைக்கு அடைமழை. வழியில் மண்சரிந்து ரோட்டை மூடிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் வாய்க்காலில் மஞ்சள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவுக்குத் தம்பி முறையில் யாரோ ஒருவர் முதல் குடத்தை ஊற்றிவிட்டு, ஈரக் கையோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்காகக் காத்திருக்கவில்லை. நான் தட்டுகளை வைத்துவிட்டு, பந்தியில் உட்காராமல் திரும்பினேன். மாமன் சாப்பிடாமல் போனான் என்று மச்சானுக்குக் கோபம். மாமன் வருவதற்குள் தண்ணீர் ஊற்றினான் என்று எனக்குக் கோபம். இரண்டு கோபமும் நல்ல ரகச் செடிகள். வருடா வருடம் கவ்வாத்து வெட்டாமலே செழிப்பாக வளர்ந்தன.

இப்போது வாணிக்குக் கல்யாணம். அடுத்த மாதம். இங்கேதான் சிக்கல்.

கல்யாணத்துக்கு முதல் அழைப்பு தாய்மாமன் வீட்டுக்கு. அதுவும் கார்டைக் கதவிடுக்கில் சொருகிவிட்டுப் போவதில்லை. பெண்ணின் அப்பாவும் அம்மாவும் வீட்டுக்கு வந்து, வெற்றிலை பாக்குத் தட்டை மாமனும் மாமியும் சேர்ந்து நிற்கும்போது நீட்டவேண்டும். அந்தத் தட்டு வராமல் வேறு எந்த வீட்டுக்கும் போகக்கூடாது. மச்சானுக்கு என் வீட்டு வாசலை மிதிக்க மனமில்லை. வழக்கத்தை மீறவும் மனமில்லை. ஆகவே கார்டு அச்சாகி வந்து, கட்டுப் பிரிக்காமல், அக்கா வீட்டு அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் இப்புடியே மொறச்சுக்கிட்டு இருங்க," என்றாள் அக்கா போனில். "கல்யாணத்தன்னிக்கி மண்டபத்துல பொண்ணும் மாப்பிள்ளையும் மட்டுந்தான் இருப்பாங்க."

"ஐயரு வருவாருல்ல, அக்கா?"

"ஒனக்கு எல்லாம் நக்கலு." அழுகிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. "எம் மக மணவறையில நிக்கிறப்ப ஏந் தம்பி எங்க நிப்பான்? சொல்லு. வேன் நிப்பாட்டுற எடத்துலயா?"

பல ராத்திரிகள் நானும் அதைத்தான் யோசித்திருந்தேன். கல்யாண ஹயர்களில் டிரைவர்களுக்குக் கடைசிப் பந்தி. பாயசம் தீர்ந்திருக்கும். வாணிக்குத் தாலி கட்டும்போது நான் மற்ற டிரைவர்களோடு மரத்தடியில் நின்றுகொண்டிருப்பேனா?

கண்ணாடியோடு பேசுதல்

மாப்பிள்ளை வீடு கேகாலைப் பக்கம், ஒரு றப்பர் தோட்டத்தில். கல்யாணத்துக்கு முன் ஒருதடவை போய்ப் பேசிவர வேண்டியிருந்தது. "அவரு ஒரு வேன் வேணும்னு சொன்னாரு, எந்த வேன்னு சொல்லல," என்று சொல்லி அக்கா என்னை ஏற்பாடு செய்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போய் நின்றேன். மச்சான் வெள்ளை வேட்டி, சட்டை, குளிருக்குக் கழுத்தில் மஃப்ளர். வேனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தார்.

"சரோஜா, டிரைவர்கிட்டச் சொல்லு, வளைவுல மெல்லமாப் போகச் சொல்லு," என்றார் அக்காவிடம்.

"தம்பி, வளைவுல மெல்லமாப் போகணுமாம்."

"அக்கா, பின்னால இருக்குற ஐயாக்கிட்டச் சொல்லு, இதுக்கு மேல மெல்லமாப் போனா வேன் பின்னால போகும்."

"அம்மா, நான் எறங்கி நடந்து வரட்டுமா?" என்றாள் வாணி.

கம்பளை தாண்டியதும் அக்கா தூங்கிவிட்டாள். வாணி காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். செய்தி கொண்டுபோக ஆள் இல்லை. அந்த நேரம் பார்த்து மச்சானுக்கு அவசரம். காலையில் குளிருக்குக் குடித்த தேத்தண்ணி. கண்ணாடியில் பார்த்தேன். இப்படி நெளிகிறார், அப்படி நெளிகிறார். கடைசியில் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்:

"எங்கயாச்சும் நிப்பாட்டுனா நல்லாருக்கும்."

நான் முன் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன்:

"அடுத்த வளைவுல எடம் இருக்கு."

இரண்டு கண்ணாடிகளும் சேர்ந்து ஒரு மனிதரின் மானத்தைக் காப்பாற்றின.

மாப்பிள்ளை வீட்டில் நல்ல மரியாதை. என்னைக் காட்டி, "இவரு யாருங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். ஒரு கணம் எல்லாரும் மச்சானைப் பார்த்தார்கள். மச்சான் பலகாரத் தட்டைப் பார்த்தார். "வேன்காரருங்க," என்று நானே சொல்லிவிட்டேன். மச்சானின் கை பலகாரத்துக்குப் போகாமல் பாதியில் நின்றது. நான் முறுக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, சுத்தமாக இருந்த டயரை ஒருதடவை உதைத்துப் பார்த்தேன்.

வாணி கண்ட பலகை

காலைச் சாப்பாட்டோடு வேலை முடிந்தது. திரும்பும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில் வாணி கத்தினாள்.

"மாமா, நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!"

யாரையோ அடித்துவிட்டேன் என்று நினைத்து வேனை ஓரங்கட்டினேன். அவள் காட்டியது ஒரு பெயர்ப்பலகையை. பலனைக் கோட்டைக்குப் போகும் வழி.

வாணி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வருடா வருடம் இந்தக் கோட்டையைப் பிள்ளைகளுக்குப் படித்துக்கொடுக்கிறாள். ஒருதடவையும் பார்த்ததில்லை.

"அப்பா, போவமாப்பா? கொஞ்ச நேரந்தான்."

கல்யாணத் தேதி வைத்த நாளிலிருந்து மச்சான் வாணிக்கு இல்லை என்று சொல்வதை விட்டுவிட்டார் என்று அக்கா சொல்லியிருந்தாள். அவர் பெருமூச்சு விட்டார்.

"சரோஜா, டிரைவர்கிட்டச் சொல்லு. கோட்டைக்குப் போகச் சொல்லு."

கோட்டை என்றதும் நான் நினைத்தது சமதரையில், அகழியோடு, வாசலில் ஐஸ்கிரீம்காரனோடு நிற்கும் கோட்டை. பலனை அப்படியில்லை. அது ஒரு மலையின் தலை. வேன் போகிறவரை போய், பிறகு கல்படி. படி ஏறினால் மேலே இடிந்த கல் சுவர்கள், புல், காற்று. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் பார்க்க வேண்டிய இடமாம்.

"நான் வேன்லயே இருக்கேன்," என்றேன்.

"மாமா, நான் கல்யாணம் பண்ணிப் போனதுக்கப்புறம் ஒங்களோட எங்க வரப்போறேன்?"

இந்தக் காலத்துப் பெண்கள் கத்தியை எங்கே சொருகவேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஏறினேன். ஏறும்போது பயமில்லை. மூக்குக்கு முன்னால் படி, படிக்கு முன்னால் வாணியின் செருப்பு. அதையே பார்த்துக்கொண்டு போனேன். அக்கா முழங்கால் வலியென்று கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மச்சான் எங்களுக்கு முன்னாலேயே மேலே போய்விட்டார்.

மேலே போய்த்தான் திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது.

"பறங்கிக்காரங்க கீழேருந்து ஏறி வர்றது இங்கேருந்து தெரியுமாம் மாமா," என்று வாணி பாடம் நடத்தினாள். "இதத் தாண்டிட்டா கண்டிதான். அதுனால இங்கயே காவலுக்கு ஆளு."

எனக்கு ஒரு யோசனை வந்தது. பிறகு எத்தனையோ காலம் கழித்து எங்கள் பாட்டன் பூட்டன்மார் திருச்சியிலும் மதுரையிலுமிருந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு நடந்து வந்தபோது, இப்படி மேலேயிருந்து எட்டிப்பார்த்து யாராவது "எங்கடா வர்றீங்க, திரும்பிப் போங்க" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். நான் இந்நேரம் ஏதாவதொரு தட்டையான ஊரில் பயமில்லாமல் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருப்பேன்.

அப்போதுதான் மேகம் வந்தது. பள்ளம் மறைந்தால் பயம் போகும் என்பார்கள். எனக்கு அப்படியில்லை, தெரிகிற பள்ளத்துக்கு ஓர் அடிமட்டம் உண்டு. தெரியாத பள்ளத்துக்கு அடியே இல்லை. தூறலும் சேர்ந்தது. படிகள் மினுமினுக்க ஆரம்பித்தன. பக்கத்தில் இருந்த கல்லைக் கட்டிப்பிடித்தேன்.

அந்தக் கல்லில்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன்.

இறங்கும் வழி

வாணி முதலில் சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பிறகு அவள் குரல் மாறியது.

"மாமா? மாமா, வெளையாடாதீங்க. ஒங்க கை ஐஸா இருக்கு. அப்பா! மாமாவுக்கு என்னமோ பண்ணுது!"

செருப்புச் சத்தம் கிட்ட வந்து நின்றது. சொல்லி அனுப்ப அக்கா பக்கத்தில் இல்லை என்று யோசித்திருப்பார். ஜன்னல் கண்ணாடியும் இல்லை.

"டேய்!"

அந்தச் சத்தம் தோட்டத்தில் இந்த மலையில் விழுந்தால் அந்த மலையில் ஆள் நிமிர்ந்து பார்க்கும். நான் வேறு யாரையோ என்று நினைத்தேன்.

"ஒன்னத்தான்டா, எரும மாடே! கல்லோட என்னடா குடும்பம் நடத்துற? கண்ணத் தொற!"

ஒரு கண்ணைத் திறந்தேன். மச்சான் எனக்கு ஒரு படி கீழே நின்றார். பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தபடி. மஃப்ளரும் வெள்ளைச் சட்டையும் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. பள்ளம் அவருக்குப் பின்னால் எங்கேயோ மறைந்திருந்தது.

"தோளப் புடி. கீழ பாக்காத. என் மூஞ்சப் பாரு. வலது கால எறக்கு. அது எடது! வேன் ஓட்டுறவனுக்கு வலது எடது தெரியலியா?"

"வேன்ல பிரேக் இருக்குங்க மச்சான்!"

மச்சான் என்ற வார்த்தை என் வாயிலிருந்து தானாக விழுந்தது. அவர் கவனிக்காத மாதிரி ஒரு படி பின்னால் இறங்கினார். நானும் ஒரு படி.

"நக்கலு. எப்பப் பாத்தாலும் நக்கலு. அன்னிக்கும் இப்புடித்தான். எம் புள்ள மஞ்சளப் பூசிக்கிட்டு, ஒத்தப் பாவாடையோட, அந்தக் குளிர்ல ஒக்காந்து நடுங்குது. மாமா எங்க மாமா எங்கன்னு கேக்குது. நீ சாவகாசமா வந்து நிக்கிற!"

"சாவகாசமாவா? ரோட்டுல மலை விழுந்து கெடந்துச்சுங்க!"

"அடுத்த கால எறக்கு. மத்தவனுங்கல்லாம் வரல?"

"அவங்க மண்சரிவுக்கு ஒங்க பக்கம் உள்ளவங்க! நீங்க எனக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தா என்ன கொறஞ்சா போயிருக்கும்?"

"காத்திருக்கலியா?" மச்சானின் முகம் சிவந்துவிட்டது. "கால எறக்குடா! காத்திருக்கலியா நான்? நல்ல நேரம் போயி, அதுக்கப்புறமும் ஒக்காந்திருந்தோம். ஏந் தங்கச்சிக்காரிங்கல்லாம் ஏசுனாளுங்க. புள்ளைக்கி ஒதடு நீலமாப் போச்சு. அதுக்கப்புறந்தான்டா ஊத்தச் சொன்னேன்."

இது எனக்குத் தெரியாது. நேரம் வந்ததும் ஊற்றிவிட்டார்கள் என்றுதான் இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை. சொல்ல நான் அங்கே நிற்கவுமில்லை.

"எனக்கு எப்புடித் தெரியும்?"

"எப்புடித் தெரியும்? நீ மண்சரிவுக்கு அந்தப் பக்கம் வேன நிப்பாட்டிட்டு, எவன் எப்ப மண்ண அள்ளுவான்னு டீ குடிச்சிக்கிட்டு ஒக்காந்திருப்ப."

"டீயா? வேன அங்கயே போட்டுட்டு வந்தேன்!"

"எப்புடி வந்த?"

"மண்ணு மேலதான். வேற வழி ஏது?"

மச்சான் நின்றார். அவர் நின்றதால் நானும் நின்றேன். என் இரண்டு கைகளும் அவர் தோளில் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தன. அவர் தலையைத் திருப்பி அந்தக் கைகளைப் பார்த்தார்.

"நீயா? விழுந்த மண்ணு மேலயா?"

"நடக்கலிங்க. ஒக்காந்து ஒக்காந்து, தவக்களை மாதிரி. சீர்த் தட்டு சாமான அவ்வளவையும் பெட்ஷீட்டுல மூட்டையாக் கட்டி முதுகுல போட்டுக்கிட்டேன். கீழ ஆறு ஓடுது. முருகா முருகான்னு கத்திக்கிட்டே வந்தேன். அதுல முருகனே பயந்திருப்பாரு. அந்தப் பக்கம் வந்து, பீலித் தண்ணியில சேத்தக் கழுவி, தட்டுல எல்லாத்தையும் அடுக்கிக்கிட்டு ஒங்க வாசலுக்கு வந்தா..."

"ஏன்டா சொல்லல?"

"சிரிப்பீங்க."

அவர் சிரிக்கவில்லை. தூறல் அவர் நெற்றியில் இறங்கி, புருவத்தில் நின்று, மூக்கில் வழிந்தது. அவர் துடைக்கவில்லை. என் கை தோளிலிருந்து நழுவிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, தன் கையைத் தூக்கி என் கைமேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

"பைத்தியக்காரா," என்றார். இந்தத் தடவை சத்தமே இல்லை. "எறங்கு."

"மாமா," என்றாள் வாணி பின்னாலிருந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "படி எப்பவோ முடிஞ்சிருச்சு."

பார்த்தேன். புல்லில் நின்றுகொண்டிருந்தோம். நடுரோட்டில் நாட்டியம் ஆடுகிற மாதிரி இரண்டு கிழட்டுப் பயல்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு.

அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"திட்டிட்டாரு," என்றாள். "ஏந் தம்பியத் திட்டிட்டாரு." ஏதோ சாமி வரம் கொடுத்துவிட்ட மாதிரி.

கோபமும் பயமும்

வேனில் ஏறிய பிறகு அக்கா எனக்கு விளக்கினாள். புதிதாக மலைக்குக் கொழுந்தெடுக்க வரும் பெண்பிள்ளைகள் செங்குத்தான இடத்தில் பயந்து நின்றுவிட்டால், மச்சான் இப்படித்தான் கீழே போய் நின்றுகொண்டு வாயை மூடாமல் ஏசுவாராம். ஏச்சுக்குப் பதில் சொல்கிற கோபத்தில் கால் தானாக நடக்குமாம். கோபமும் பயமும் ஒரே நேரத்தில் ஒரு மனுசனுக்குள் இருக்காதாம்.

"என்னையும் அப்புடி ஒருநாளு ஏசித்தான் எறக்குனாரு," என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே பார்த்தாள். "அப்புறம் வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்தாரு."

"வாய மூடுடி," என்றது கடைசி சீட்டு.

பேராதனை வந்தது, கம்பளை வந்தது. யாரும் பேசவில்லை. எனக்குப் புதுப் பயம் பிடித்துக்கொண்டது. மலையில் பேசியது மலையோடு போச்சா? கீழே வந்ததும் மறுபடி டிரைவர் ஆகிவிட்டேனா? கண்ணாடியில் பார்த்தேன். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். தூங்கவில்லை. தூங்குகிறவருக்குத் தாடை அப்படி அசையாது.

நாவலப்பிட்டியில் கடைத்தெருவுக்குள் நுழைந்ததும், "நிப்பாட்டு" என்றார். யாரிடமும் சொல்லி அனுப்பவில்லை. இறங்கிப் போனார். கையில் ஒரு பையோடு திரும்பினார். வெற்றிலை வாசம் வேனுக்குள் பரவியது. பாக்கு, வாழைப்பழச் சீப்பு, ஒரு தேங்காய். என் காலுக்குக் கீழே கிளட்ச் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

"மாப்பிள," என்றார் என்னைப் பார்த்து. "வீட்டுல ஆளு இருக்குமா?"

"எந்த வீட்டுலங்க?"

"ஒன் வீட்டுலதான்டா."

சந்தை பஸ்

இப்போது நான் உண்மையாகவே பதறிப்போனேன். ஞாயிற்றுக்கிழமை. வீடு நான் விட்டுவந்த கோலத்தில் இருக்கும். நடு அறையில் நான் இடுப்பில் கட்டுகிற சாரம் காயும். வீட்டுக்காரிக்குப் போன் அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. வழி நெடுக அடித்தேன். வீட்டுக் கதவைத் திறந்தபோது அந்தப் போன் மேசையில் கிடந்து, என் பெயரைக் காட்டிக்கொண்டு, தனியாக அழுதுகொண்டிருந்தது. அவள் சந்தைக்குப் போயிருக்கிறாள்.

சாரத்தைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் எறிந்தேன். அக்கா நேராக என் சமையலறைக்குப் போய், என் அலமாரியிலிருந்தே ஒரு தட்டை எடுத்துக் கழுவினாள். அதில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய். மேலே கல்யாணக் கார்டு. எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். மச்சான் தன் சட்டையின் உள்பையிலிருந்து எடுத்து வைத்தார். காலையிலிருந்தே அதை வைத்துக்கொண்டுதான் அலைந்திருக்கிறார் மனிதர்.

மச்சான் தட்டைக் கையில் எடுத்தார். நான் எதிரே நின்றேன். என் பக்கத்தில் ஆளில்லை.

"அவ வரணுமே மச்சான்," என்றேன். "ரெண்டு பேரும் சேந்துதானே வாங்கணும்."

"தெரியும்."

"சந்தையில கூட்டமா இருக்கும். பஸ் வேற..."

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஏங்க, ராகு காலம் பொறக்கப் போவுது. தம்பி கையில மட்டும் குடுத்துட்டா என்ன? அவ வந்து தொட்டுக் கும்புட்டுக்கட்டும்."

"வரட்டும், சரோஜா."

"அப்பக் கொஞ்ச நேரம் ஒக்காருங்களேன். தட்டக் கீழ வைங்க."

கையில் எடுத்த தட்டைக் கொடுக்காமல் கீழே வைக்கக்கூடாது. அது அக்காவுக்கும் தெரியும்.

"நான் நிக்கிறேன்."

நின்றார். நானும் நின்றேன். அப்பா கையில் தட்டு கனக்குமென்று வாணி ஒரு பக்கத்தைப் பிடிக்க வந்தாள். வேண்டாமென்று தலையை ஆட்டினார். நானாவது பிடிக்கலாம் என்றால், நான் தொட்டால் வாங்கிக்கொண்டதாக ஆகிவிடும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இந்த மாதிரி நேரத்துக்கென்று என்னிடம் எத்தனையோ நக்கல் உண்டு. ஒன்றுகூட வரவில்லை. ரோட்டில் ஒரு பஸ் வந்து நின்று, போனது. அதில் அவள் இல்லை. இன்னொன்று வந்தது. அதிலும் இல்லை. கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை.

கடைசியில் வாசலில் முட்டைக்கோவாவும் கரட்டும் பிதுங்கும் இரண்டு பைகளோடு வந்து நின்றாள் என் வீட்டுக்காரி. தட்டைப் பார்த்தாள். தட்டுக்குப் பின்னால் யாரென்று பார்த்தாள். பை ஒன்று கையிலிருந்து நழுவி, ஒரு கோவா மட்டும் உருண்டு மச்சான் காலடியில் போய் நின்றது.

"ஐயோ, அண்ணே! எந்நேரமா நிக்கிறீங்க? இந்தா, கை காலக் கழுவிட்டு ஒரு நிமிசத்துல வந்துர்றேன்."

"மெதுவா வாம்மா," என்றார் மச்சான். "சேல மாத்தணும்னா மாத்திக்கிட்டே வா. அவசரம் ஒன்னுமில்ல."

உள்ளே பைப்பைத் திறக்கும் சத்தம் கேட்டது. ராகு காலம் பிறந்து வெகு நேரமாகியிருந்தது. மச்சான் தட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.